பான்ஸ்வாராவின் மக்காச்சோளம்: ஒரு நச்சியல் ஆய்வாளரின் பயணக் குறிப்புகள்

அக்டோபர் 14, ரத்லாம்

பின்னிரவில் வந்து சேர வேண்டிய ரயில் காலை ஒன்பது மணிக்குத்தான் ரத்லாமை அடைந்தது. பான்ஸ்வாராவுக்குச் செல்லும் காலைப் பேருந்து அதற்குள் புறப்பட்டுவிட்டது. அடுத்ததில் இடமில்லை என்றும் நாளை காலை வரலாம் என்றும் சொன்னார்கள். ஆகவே இன்று முழுவதும் இந்த ஊருக்கு.

நிலையத்துக்கு எதிரே ஒரு தள்ளுவண்டியில், ஆவியில் வைத்த அவலும் அதன்மேல் அள்ளித் தூவிய காரச் சேவும், பக்கத்தில் பாகு சொட்டும் ஜிலேபியும் சேர்த்து நாற்பது ரூபாய் வாங்கினார்கள். நான் ஐதராபாத்திலிருந்து வந்தவள், பிறப்பால் தமிழ்நாட்டுக்காரி என்று அறிந்ததும் கடைக்காரர் இன்னொரு கைப்பிடி சேவை இலவசமாகப் போட்டு, "எங்கள் சேவைச் சாப்பிடாமல் ரத்லாமைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது" என்றார். கிராம்பும் மிளகும் ஏறிய அந்தச் சேவின் காரம் நண்பகல் வரை நாக்கில் நின்றது.

ஜிலேபியின் நிறம்தான் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. அந்தக் கடையைக் குறை சொல்லவில்லை. அது குங்குமப்பூவாகவே இருக்கலாம். ஆனால் என் தொழிலில் இருப்பவர்களுக்கு அடர்ந்த மஞ்சள் என்றாலே 'வெண்ணெய் மஞ்சள்' நினைவுக்கு வந்துவிடும். ஒரு காலத்தில் வெண்ணெய்க்கும் மார்கரினுக்கும் நிறமேற்றப் பயன்பட்ட அந்தச் சாயத்தை எலிகளுக்கு ஊட்டினால் கல்லீரலில் புற்றுக்கட்டி உண்டாகிறது என்பதை 1930களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏன் உண்டாகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் என்னும் கணவன் மனைவி. சாயத்தை உண்ட எலியின் கல்லீரலில், அந்தச் சாயம் புரதங்களோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருப்பதை 1947இல் அவர்கள் கண்டார்கள். சோதனைக் குழாயில் புரதத்தோடு கலந்தால் ஒன்றும் செய்யாத சாயம், உடலுக்குள் போனபின் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. அப்படியானால் ஒட்டுவது சாயமன்று. கல்லீரல் அதை மாற்றி உருவாக்கிய வேறொன்று.

1960இல் இதே ஆய்வகம், முதலில் பூச்சிக்கொல்லியாகக் கருதப்பட்டுப் பிறகு புற்றுநோய்க் காரணி என்று தெரியவந்த அசிட்டைல் அமினோ ஃபுளோரீன் என்னும் பொருளை எடுத்து, அதன் நைட்ரஜன் அணுவில் உடல் ஓர் ஆக்சிஜனை ஏற்றுவதுதான் முதற்படி என்று காட்டியது. இந்த மாற்றத்தை அநேகமாகச் செய்ய இயலாத கினிப் பன்றிக்கு அந்தப் பொருளால் புற்று வருவதில்லை. நான் இருபது ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையெல்லாம் இந்த இரண்டு முடிவுகளின் நிழலில்தான் நடக்கிறது. ஜிலேபியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அக்டோபர் 15, ரத்லாமிலிருந்து பான்ஸ்வாரா

எண்பது கிலோமீட்டர்தான், மூன்று மணி நேரத்தில் போயிருக்க வேண்டும். சைலானாவைத் தாண்டிச் சிறிது தூரத்தில் பேருந்து ஒரு பெருமூச்சோடு நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு வண்டி வரும் என்று மட்டும் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அக்டோபர் நடுவில் பெய்யக்கூடாத மழை தூறத் தொடங்கியது. சாலையோரம் தார்ப்பாய் கட்டிச் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், எங்கள் எல்லோரையும் அதன் கீழ் அழைத்து, கதிர் வாங்காதவர்களுக்கும் இடம் கொடுத்தார். ஒரு கதிர் பத்து ரூபாய். எலுமிச்சையும் உப்பும் மிளகாயும் தேய்த்துத் தந்தார்.

பக்கத்தில் நின்றவர் அரசுப் பள்ளி ஆசிரியர். எல்லோரும் அவரை மாஸ்டர்ஜி என்றார்கள். மழையைப் பார்த்து அவர் முகம் சுளித்ததற்குக் காரணம் பேருந்தன்று. "அறுத்த மக்கா எல்லாம் களத்தில் கிடக்கிறது, மேடம்" என்றார்.

நான் இந்த மாவட்டத்துக்கு வருவதே அப்படியொரு மழையின் காரணமாகத்தான் என்று அவரிடம் சொன்னேன். 1974ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டத்திலும் அதை ஒட்டிய குஜராத்தின் பஞ்ச்மஹால் மாவட்டத்திலும், பழங்குடிக் கிராமங்களில் ஒரு நோய் பரவியது. காய்ச்சல், மஞ்சள் காமாலை, பிறகு வயிற்றில் விரைவாக நீர் கோத்து வீங்குதல். பதிவானவர்கள் 397 பேர். இறந்தவர்கள் 106 பேர். தொற்று மஞ்சள் காமாலையாக இருக்கலாம் என்று முதலில் எண்ணத் தோன்றும். ஆனால் அதே வீடுகளில் நாய்களும் வயிறு வீங்கிச் செத்திருந்தன. மனிதர்களைத் தாக்கும் அந்தத் தொற்று நாய்க்கு வருவதில்லை. மனிதனும் நாயும் பகிர்ந்துகொண்டது ரொட்டி ஒன்றைத்தான். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1975இல் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரையின்படி, அந்த ரொட்டிக்கான மக்காச்சோளத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை பிடித்து, கிலோவுக்கு 6.25 முதல் 15.6 மில்லிகிராம் வரை, அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு சேர்ந்திருந்தது. இன்று இந்தியாவில் தானியத்துக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவு கிலோவுக்கு 0.015 மில்லிகிராம். நானூறு மடங்குக்கு மேல் தொடங்கி, ஆயிரம் மடங்கையும் தாண்டி.

மாஸ்டர்ஜி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தம் தாய்மாமனின் ஊரில் அந்த ஆண்டை அறிந்த ஒரு பெரியவர் இருப்பதாகவும், நாளை அழைத்துப் போவதாகவும் சொன்னார். மாற்றுப் பேருந்து வந்தபோது இரண்டரை மணி நேரம் கழிந்திருந்தது. நனைந்த சாக்குகளை முதலில் ஏற்றிவிட்டுத்தான் மக்கள் ஏறினார்கள்.

விடுதி அறை நாளுக்கு அறுநூறு ரூபாய். வெந்நீர் கேட்டால் வாளியில் கொண்டுவருகிறார்கள்.

அக்டோபர் 16, ஒரு பீல் பழங்குடிக் கிராமம்

இங்கே ஊர் என்றால் வீடுகள் நெருங்கி நிற்பதில்லை. ஒவ்வொரு வீடும் தன் நிலத்தின் நடுவே தனித்தனி மேட்டில் இருக்கிறது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக வரப்பேறி நடக்க வேண்டும். மழை விட்டு வெயில் சுரீரென்று அடித்தது. எல்லா முற்றங்களிலும் கதிர்கள் காய்ந்தன. சில வீடுகளில் உரித்த தோகையோடு முடிந்து இறவாணத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். தொங்குகிற கதிருக்குக் காற்றோட்டம் கிடைக்கும், தரையில் குவித்தால் அடிக்கதிர் வேர்க்கும் என்று மாஸ்டர்ஜியின் மாமி விளக்கினார். எங்கள் துறையின் பயிற்சிக் கையேடுகள் இதையேதான் பத்துப் பக்கத்தில் சொல்கின்றன.

பெரியவரை நானும் காகா, அதாவது சித்தப்பா, என்றே அழைத்தேன். அவருடைய வாகடி மொழியை மாஸ்டர்ஜி இந்தியில் எடுத்துச் சொன்னார். அந்த ஆண்டில் அவர் மீசை அரும்பிய பையன். வறட்சி தொடர்ந்த ஆண்டுகளுக்குப் பிறகு அந்த முறை பயிர் கொஞ்சம் தேறியது என்றும், அறுப்புக்குச் சற்று முன்னால் மழை பிடித்துக்கொண்டது என்றும் சொன்னார். கதிர் செடியிலேயே பச்சை பூத்துவிட்டது. எடுத்து வைக்கக் காய்ந்த இடமில்லை. "பூஞ்சை பிடித்தது தெரியாதா, காகா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாத கேள்வி என்பது அவர் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. "தெரியும், மகளே. கசந்தது. வேறு என்ன இருந்தது?" என்றார்.

நாய்கள் முதலில் செத்தனவா என்று நான் கேட்காமலே சொன்னார். அவர்கள் வீட்டு நாய் எழுந்திருக்க முடியாமல் வாசலிலேயே படுத்திருந்ததாம். ஆனால் அதை யாரும் ரொட்டியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. யாரோ ஏவிவிட்டது என்று ஒரு பேச்சு இருந்ததாம். சோளம் தீர்ந்ததும் நோயும் தீர்ந்தது. மருத்துவக் கட்டுரையும் அதைத்தான் சொல்கிறது. காகா சொன்ன முறையில் மட்டும் அதில் ஆறுதல் எதுவும் இல்லை, ஏனென்றால் சோளம் தீர்ந்தபின் பசிதான் இருந்தது.

மதியம் அவர்கள் வீட்டில் தால் பானியா. மக்காச்சோள மாவைப் பிசைந்து, இலைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, வறட்டி நெருப்பில் சுட்டு எடுக்கிறார்கள். மேல்புறம் இலை நரம்பின் தடம் பதிந்து, கருகல் வாசத்தோடு இருந்தது. உளுத்தம் பருப்புக் குழம்பில் பிட்டுப் போட்டு, மேலே நெய். நான் எடுத்துக்கொண்டதைவிட அதிகமாகத்தான் என் தட்டில் விழுந்தது. மாவு எந்தக் கதிரிலிருந்து வந்தது என்று கேட்க நாக்கு வரவில்லை, ஆனால் அதற்கு முன்பே மாமி ஒரு முறத்தைக் காட்டியிருந்தார்: நிறம் மாறியவை, சுருங்கியவை, உடைந்தவை எல்லாம் தனியே. கையால் பொறுக்குவதற்கு இணையாக வேலை செய்யும் உத்தி மிகச் சிலவே உண்டு, ஏனென்றால் நஞ்சு எல்லா மணிகளிலும் சமமாகப் பரவுவதில்லை. ஒரு சில மணிகளில் குவிந்திருக்கும். அடுப்பை நம்ப முடியாது. அஃப்ளாடாக்சின் சிதைய 250 டிகிரி செல்சியஸுக்கு அருகில் வெப்பம் வேண்டும். ரொட்டியின் உள்ளே ஈரம் இருக்கும் வரை நூறைத் தாண்டுவதில்லை.

சாப்பிட்டபின் அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கை அந்த முறத்தின்மேல் காட்டினேன். பொறுக்கி ஒதுக்கியவற்றில் சில மணிகள் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தன. குழந்தைகள் கூச்சலிட்டார்கள். ஒளிர்வது நஞ்சன்று, பூஞ்சை விட்டுச்சென்ற வேறொரு அமிலத்தின் மாற்றம், ஆகவே இது எச்சரிக்கை மட்டுமே, அளவீடு அன்று என்று மாஸ்டர்ஜியிடம் விளக்கினேன். நல்ல மணிகள் இருந்த முறத்திலும் இரண்டு ஒளிர்ந்தன. மாமி ஒன்றும் சொல்லாமல் அவற்றை எடுத்து நெருப்பில் போட்டார்.

திரும்பும் வழியில் மாஸ்டர்ஜி கேட்டார்: நஞ்சு உடலுக்குள் போனால் என்னதான் செய்கிறது? வரப்பில் நடந்தபடியே சொன்ன விடையை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன். அஃப்ளாடாக்சின் நீரில் எளிதில் கரைவதில்லை. கரையாததைச் சிறுநீரில் அனுப்ப முடியாது. அதனால் கல்லீரலின் பி450 நொதிகள் அதன்மேல் ஓர் ஆக்சிஜன் அணுவை ஏற்றுகின்றன. ஒரு மூலையில் ஏற்றினால் அது எம்1 என்னும், வீரியம் குறைந்த பொருளாகிச் சிறுநீரிலும் பாலிலும் வெளியேறும். கெட்டுப்போன சோளத்தைத் தின்ற எருமையின் பாலில் அதைத் தேடுவதும் இதனால்தான். இன்னொரு மூலையில், எட்டாம் ஒன்பதாம் கரியணுக்களுக்கு நடுவில் ஏற்றினால், எபாக்சைடு என்னும், எதிர்ப்பட்டதைப் பற்றிக்கொள்ளும் பொருள் உண்டாகும். நீரில் அதன் அரை ஆயுள் சுமார் ஒரு விநாடி. அந்த ஒரு விநாடிக்குள் அது டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினைப் பற்றிக்கொள்ளலாம். அல்லது நீரோடு சேர்ந்து திறந்து, பிறகு புரதங்களைப் பற்றலாம். அல்லது குளூட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறு அதை மறித்துக் கட்டி வெளியே அனுப்பலாம். மூன்றில் எது எவ்வளவு நடக்கிறது என்பதுதான் ஓர் உயிருக்கும் இன்னோர் உயிருக்கும் உள்ள வேறுபாடு. நாளொன்றுக்கு 2 முதல் 6 மில்லிகிராம் என்று 1974இல் கணக்கிட்ட அளவை உண்டால், தடுக்கும் சரக்கு தீர்ந்து கல்லீரல் செல்கள் நேரடியாக மடிகின்றன. மிகச் சிறிய அளவை ஆண்டுக்கணக்கில் உண்டால் செல் மடிவதில்லை, மாறுகிறது. புற்று அங்கே தொடங்குகிறது.

"ஆக, கல்லீரல் நல்லது செய்யப்போய்த்தான்..." என்று மாஸ்டர்ஜி இழுத்தார். ஆமாம் என்றேன். இதை என் மாணவர்கள் பலர் இரண்டாம் ஆண்டில்தான் பிடிப்பார்கள்.

அக்டோபர் 17, பான்ஸ்வாரா

காலையில் எழுந்தபோது, கிராமத்தில் வாங்கிவந்த மாதிரிச் சோளப் பொட்டலங்களில் மூன்று கிழிந்து, பாதி காலியாகக் கிடந்தன. விடுதிப் பையன் எச்சங்களைப் பார்த்து, "சுண்டெலிதான், பெரிய எலி இல்லை" என்று சமாதானம் சொன்னான். அவனுக்குத் தெரியாமலே எங்கள் துறையின் மையமான ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டான். அஃப்ளாடாக்சினால் பெரிய எலிக்கு மிகக் குறைந்த அளவிலேயே கல்லீரல் புற்று வரும். வளர்ந்த சுண்டெலிக்கோ அநேகமாக வருவதில்லை. சுண்டெலியின் கல்லீரல் எபாக்சைடை உண்டாக்காமல் இல்லை, நன்றாகவே உண்டாக்குகிறது. ஆனால் அதனிடம் எபாக்சைடைக் குளூட்டாதயோனோடு மின்னல் வேகத்தில் பிணைக்கும் ஒரு நொதி எப்போதும் தயாராக இருக்கிறது. மனிதக் கல்லீரலின் அதே குடும்ப நொதிகள் இந்த வேலையில் மிகவும் மந்தம். என் மாதிரிகளைத் தின்றது, அவற்றைத் தின்னத் தகுதியுள்ள விலங்குதான்.

விடுதி மேலாளர் வருத்தம் தெரிவித்து, வாடகையில் ஐம்பது ரூபாய் குறைத்தார். மூடியுள்ள ஒரு பிஸ்கட் டப்பாவும் தந்தார்.

மாலையில் காக்டி ஏரிக்கரையில் தேநீர், பதினைந்து ரூபாய். காற்று குளிர்ந்திருந்தது. அங்கே உட்கார்ந்து மாஸ்டர்ஜியிடம் சீனாவின் சீதோங் பகுதியைப் பற்றிச் சொன்னேன். யாங்சி ஆறு கடலில் சேரும் இடம் அது. ஒரு காலத்தில் அங்கும் மக்காச்சோளமே முதன்மை உணவு, கல்லீரல் புற்றும் மிக அதிகம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் குரூப்மன், தாமஸ் கென்ஸ்லர் ஆகியோரும் சீன ஆய்வாளர்களும் அங்கே பல ஆண்டுகள் உழைத்தார்கள். சிறுநீரில் குவானினோடு பிணைந்து வெளியேறும் நஞ்சை அளந்து, ஒருவர் உடலில் எவ்வளவு சேதம் நடக்கிறது என்று சொல்லும் முறை அவர்களுடையது. இலைப்பச்சையத்திலிருந்து செய்யும் குளோரோஃபிலின் என்னும் மாத்திரையை 1997இல் 180 பேரைக் கொண்டு நான்கு மாதங்கள் சோதித்தபோது, அதை உண்டவர்களிடம் அந்த அடையாளம் 55 விழுக்காடு குறைந்திருந்தது. அழகான வேதியியல். ஆனால் அந்த ஊரில் கல்லீரல் புற்றுச் சாவுகள் பெருமளவு குறைந்ததற்குப் பின்னாளில் அதே ஆய்வாளர்கள் கண்ட முதன்மைக் காரணம் எந்த மாத்திரையும் அன்று. 1980களில் மக்கள் சோளத்திலிருந்து அரிசிக்கு மாறியதுதான்.

மாஸ்டர்ஜிக்கு இது பிடிக்கவில்லை. "மக்காவை விடச் சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள், அரிசி வயிற்றில் நிற்காது" என்றார். விடச் சொல்ல நான் வரவில்லை. நேற்றுப் பார்த்த முறத்தையும் தொங்கிய கதிர்களையும் வைத்தே பாதி வேலை நடக்கும் என்பது என் எண்ணம். மீதிப் பாதிக்கு, ஒதுக்கியதை எறிந்துவிட்டு வேறு வாங்கும் அளவு கையில் காசு வேண்டும். கல்லீரல் அழற்சி-பி தடுப்பூசியும் வேண்டும்; அந்தக் கிருமியும் இந்த நஞ்சும் ஒரே உடலில் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது.

அக்டோபர் 18, பான்ஸ்வாரா

நாள் முழுவதும் மழை. மாஹி அணைக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டேன். கசோரி இரண்டு, இருபத்தைந்து ரூபாய். கென்யாவில் 2004இல் ஈரச் சோளத்தை வீட்டுக்குள் சேர்த்துவைத்து 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்த நிகழ்வின் அறிக்கையை மறுபடி படித்தேன். ஊர்ப் பெயர்களை மாற்றினால் பான்ஸ்வாரா. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் எபாக்சைடின் வடிவத்தை அணு அணுவாக அறிந்தோம், அது உண்டாக்கும் மரபணுத் திரிபு, புற்றைத் தடுக்கும் பி53 என்னும் மரபணுவின் 249ஆம் இடத்தில் விழுகிறது என்பதையும் 1991இல் கண்டோம். ஈரப்பத மானி மட்டும் கிராமங்களுக்குப் போய்ச் சேரவில்லை. என் துறையின்மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்.

அக்டோபர் 19, ஜாலோத் வழியாக தாஹோத்

வெயில் திரும்பியது. மாநில எல்லையைக் கடந்ததும் பேருந்தில் பாட்டு மாறியது, தேநீரில் இனிப்பு கூடியது. நிலத்திலும் பயிரிலும் ஒரு மாற்றமும் இல்லை. இந்தப் பகுதி 1974இல் பஞ்ச்மஹால் மாவட்டத்தைச் சேர்ந்தது. தாஹோத் 1997இல்தான் தனி மாவட்டமானது.

ரயிலுக்கு நேரமிருந்ததால் தானியச் சந்தைக்குப் போனேன். ஒரு வியாபாரி என்னை அமரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார். வரும் சாக்கில் கைவிட்டு ஒரு மணியை எடுத்து, கடைவாயில் கடித்து, ஈரப்பதம் எத்தனை விழுக்காடு என்று சொல்லிவிடுகிறார். பிறகுதான் மானியில் போடுகிறார். ஒரு சாக்குக்குப் "பதினாறு" என்றார், மானி 16.4 என்றது. பதினான்குக்குள் இருந்தால் பூஞ்சைக்கு வளர வழியில்லை. பதினாறைத் தாண்டினால் இந்த ஊர் வெப்பத்தில் அதற்குத் திருவிழா. உலர்ந்த சோளம் குவிண்டாலுக்கு இரண்டாயிரத்துக்குச் சற்று மேல். ஈரமானதற்கு முந்நூறு குறைத்தார்.

"குறைத்து வாங்கி என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "தீவனத்துக்குப் போகும்" என்றார், ஒளிக்காமல். கோழிக்கும் அது ஆகாது என்று சொல்லி, 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்ததையும், அஃப்ளாடாக்சின் என்ற ஒன்று இருப்பது அதனால்தான் உலகுக்குத் தெரியவந்ததையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "அப்படியானால் இதை நான் வாங்காவிட்டால் இவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்பார். எது நல்லது, சொல்லுங்கள்" என்றார். என்னிடம் விடை இல்லை. எதிரே சாக்குக்குச் சொந்தக்காரப் பெண், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முந்நூறு குறைப்பதானால் தரமாட்டேன், காயவைத்துத் திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்று அவர் சாக்கைத் தூக்கிவிட்டார். தரையில் கொட்டாமல் பாயில் மெல்லிதாகப் பரப்பும்படியும், மாலையில் அள்ளிவிடும்படியும் வியாபாரியே அவருக்குச் சொன்னார். நான் சொல்ல நினைத்ததும் அதுதான். வாசலில் நின்ற ஜீப்காரர் ஆளுக்கு முப்பது, சாக்குக்குத் தனியாக இருபது என்றார். வரும்போது சாக்குக்குப் பத்துதானே வாங்கினாய் என்று அந்தப் பெண் குரலை உயர்த்த, ஏற்கெனவே உள்ளே நெருக்கி உட்கார்ந்திருந்தவர்களும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.